நாலு மத்தியானத்து நெருப்பு

கெட்டிலில் கொதித்த தண்ணீரைக் கேஸ் சிலிண்டரின் ஒரு பக்கமாக மெல்ல ஊற்றி, ஊற்றிய இடத்தில் உள்ளங்கையை மேலிருந்து கீழாக இழுத்துப் பார்ப்பது மார்லிஸின் காலை வேலை. சூடு தெரிகிறவரை உள்ளே ஒன்றுமில்லை. கை சட்டென்று சில்லிடுகிற இடத்திலிருந்துதான் கேஸ். காப்பி போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவாள். நைட்டிக்கு மேலே புருஷனின் கம்பளிக் கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ், தலையைச் சுற்றி ஆவி. எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த தபால்காரர் வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் கேட்டார்.

"அந்தம்மா சிலிண்டரக் குளிப்பாட்டுறாங்களா?"

"ஞானஸ்நானம்" என்றேன். "அடுத்த வாரம் பேர் வைக்கிறாங்க."

அவர் சிரித்துக்கொண்டே போனார். நான் சிரிக்கவில்லை. உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறதோ அவ்வளவுதான் மார்லிஸுக்குத் தூக்கம் என்பது எனக்குத் தெரியும்.

அவள் புருஷன் ரெய்னோ காங்கஸ், இரும்புச் சுரங்கத்தில் வீடு உயரத்துக்கு இருக்கும் லாரியை முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தாள். இந்த ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோரும் அவள் கையால் சாப்பிட்டவர்கள். ஒரே மகள் ஜனெல், கல்யாணமாகி டுலூத் நகரத்தில் இருக்கிறாள். ரெய்னோ ஓய்வு பெற்ற வருஷம் மகளும் மருமகன் கர்ட்டும் சேர்ந்து வாங்கிக் கொடுத்ததுதான் பின்முற்றத்துக் கேஸ் கணப்பு. முழங்கால் உயரத்தில் வட்டத் தொட்டி, அதில் கறுப்பு எரிமலைக் கற்கள், பக்கவாட்டில் ஒரு திருகு. திருகினால் கற்களுக்கு நடுவே தீ எழும். ரெய்னோ அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"விறகு பிளக்கத் தெரியாதவனுக்குக் கண்டுபிடிச்சிருக்காங்க" என்றார். "புகையும் இல்ல, சாம்பலும் இல்ல. இதுக்குப் பேரு நெருப்பா?"

அதன்பின் ஐந்தாறு வருஷம் அதன்மேல் பூந்தொட்டிதான் இருந்தது.

மறதி வந்தபோது முதலில் வண்டிச் சாவியை ஒளித்து வைத்தார்கள். பிறகு துப்பாக்கிகளை கர்ட் எடுத்துக்கொண்டு போனான். அதற்கப்புறம் நடை ஆரம்பித்தது. கதவு என்று ஒன்று கண்ணில் பட்டால் ரெய்னோ திறப்பார், திறந்தால் போய்க்கொண்டே இருப்பார். ராத்திரியில் மார்லிஸ் கதவுக்கு முதுகு கொடுத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். கண் அசந்தால் அவர் நாற்காலியோடு அவளை நகர்த்துவார், மரியாதையாகத்தான். "கொஞ்சம் ஒதுங்கும்மா, பசங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்பார். அவளை அவர் மனைவி என்று நினைப்பது நின்றுபோயிருந்தது. வேட்டை முகாமுக்கு யாரோ வைத்த சமையல்காரி என்று எண்ணியிருந்தார். "சம்பளம் ஒழுங்கா தர்றாங்களா?" என்று அக்கறையாக விசாரிப்பார்.

"எங்க தர்றாங்க?" என்பாள் மார்லிஸ். "கேட்டா அடுத்த மானுக்குச் சேத்துத் தர்றோங்கிறாங்க."

போன வருஷ இலையுதிர்காலத்தில், ஜனெல் வந்திருந்த ஒரு சாயங்காலம், பூந்தொட்டியை நகர்த்தி வைத்துவிட்டுக் கணப்பைப் பற்ற வைத்தாள். எல்லோரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போனார்கள். ரெய்னோ மட்டும் எழுந்திருக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார்கள். வரவில்லை.

"தீ எரியுதுல்ல?" என்றார். "நான் எப்படி வர்றது?"

மார்லிஸுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அவர் மனசில் இருந்தது, அண்ணன் தம்பிகளோடு நாற்பது வருஷம் போன வேட்டை முகாம். பெண்கள் அங்கே போனதில்லை. ஆனால் அங்கத்துச் சட்டங்களை வீட்டிலேயே கேட்டுக் கேட்டு எங்களுக்கெல்லாம் மனப்பாடம். தீக்குக் காவல் என்று ஒருவனை உட்கார வைத்தால், அது அணைகிறவரை அவன் எழுந்திருக்கக் கூடாது. பசித்தாலும் சரி, மான் கண்ணெதிரே நடந்து போனாலும் சரி. மழை இல்லாத ஒரு வருஷம் பக்கத்து முகாமில் யாரோ தீயை விட்டுவிட்டுப் போய், மலைச்சரிவு முழுக்க எரிந்தது. அதன்பிறகு இந்தச் சட்டத்தில் தளர்வே கிடையாது. பெண்டாட்டியின் பெயரை மறந்த மனிதருக்கு இது மறக்கவில்லை.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவரைக் கம்பளியால் சுற்றிக் கணப்பின் முன்னால் உட்கார வைப்பாள். பாதித் தீயில் எரியவிட்டு உள்ளே வந்து, ஜன்னலோரத்து சாய்வு நாற்காலியில் படுப்பாள். இருட்டுகிறவரை தூங்குவாள். ஒரு நாளில் அவளுக்கு வாய்த்த தூக்கம் அவ்வளவுதான். ஹார்டுவேர் கடையில் நிரப்பி வந்த சிலிண்டர் பாதித் தீயில் நாலு மத்தியானம் எரியும். பெரிதாக வைத்தால் இரண்டுதான். மார்ச் மாதக் குளிரில் ஒரு நாள் சிலிண்டரின் அடியில் வெண்பனி பூத்துத் தீ சுருங்கியபோது, துணி துவைக்கும் தொட்டியில் வெந்நீர் வைத்து அதற்குள் சிலிண்டரை நிறுத்தினாள். எதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஆனால் ஆள் கரைந்துகொண்டே வந்தாள். கோட்டுக்குள் ஆள் இருப்பதே தெரியாது.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஜனெலும் கர்ட்டும் வந்தார்கள். டுலூத்தில் மறதிக்காரர்களுக்கான விடுதியில் ஓர் அறை காலியாகிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இந்த அறைய விட்டா இனி வசந்தத்துக்குத்தான்மா" என்றாள் ஜனெல். "நீ குளிர்காலம் பூரா அப்பாவ வெளிய உக்கார வச்சிருப்பியா?"

"கம்பளி இருக்கு."

"உன் மூஞ்சியக் கண்ணாடில பாத்தியா நீ?"

"அதுக்கு எங்க நேரம்?"

"சிரிக்காத. நான் சிரிக்கச் சொல்லல."

கர்ட் நல்ல பையன். மாமியார் கெட்டிலோடு சிலிண்டருக்குப் பக்கத்தில் குனிந்து நிற்பதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு சிலிண்டர் தீர்ந்திருந்தது, மற்றது தீரும் தறுவாயில் இருந்தது. இரண்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவன், அரை மணி நேரத்தில் பெட்ரோல் பங்க் வாசலில் கூண்டுக்குள் அடுக்கியிருப்பதில் புதிதாக இரண்டு மாற்றிக்கொண்டு வந்தான். தீப்படம் அச்சடித்த பிளாஸ்டிக் உறை இரண்டிலும் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. ஒன்றை அவனே கணப்பில் பொருத்தினான்.

"ரெண்டும் புத்தம் புதுசு, மார்லிஸ். ஒரு வாரத்துக்கு நீங்க இந்த வெந்நி வேலையே செய்ய வேணாம். உறைய மட்டும் கிழிச்சுடாதீங்க, திருப்பிக் குடுக்கறப்ப கேப்பாங்க."

உறை இருந்ததால் வெந்நீர் ஊற்றியும் பயனில்லை. கைக்குச் சூடும் தெரியவில்லை, சில்லிப்பும் தெரியவில்லை. வியாழக்கிழமை காலையில் ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். புதனிலிருந்து விரல் விட்டால் சனிக்கிழமை வரைக்கும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மாற்றினால் போதும்.

சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிற நாள். விடிவதற்கு முன்பே எங்கள் தெருவில் ஆம்பளைகள் ஒருவர் பாக்கியில்லாமல் காட்டுக்குப் போய்விட்டார்கள், பாதிரியார் உட்பட. வெளிச்சம் வந்ததும் வெடிச்சத்தம் ஆரம்பித்தது. மத்தியானம்வரை ஒவ்வொரு சத்தத்துக்கும் ரெய்னோ எழுந்து எழுந்து பூட்ஸைத் தேடினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"எல்லாரும் போயிட்டாங்க. என்ன விட்டுட்டுப் போயிட்டாங்க."

"விட்டுட்டுப் போகல" என்றாள் மார்லிஸ். "இன்னிக்கு நீதான் தீக்குக் காவல். உன்கிட்ட சொல்லச் சொல்லிட்டுப் போனாங்க."

"யார் சொன்னது? எய்னாரா?"

எய்னார் அவருடைய அண்ணன். செத்துப் பத்து வருஷமாகிறது.

"எய்னார்தான்."

ரெய்னோ முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரே பூட்ஸை மாட்டி, அவரே போய்த் தொட்டியின் முன்னால் உட்கார்ந்தார். முந்தின ராத்திரி மார்லிஸ் கண்ணே மூடவில்லை. திருகைப் பாதியில் வைத்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்ததுதான் அவளுக்கு நினைவிருக்கிறது.

முழிப்பு வந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கூரையில் எப்போதும் ஆடும் ஆரஞ்சு ஒளி இல்லை. வெளியே ஓடினாள், கணப்பின் முன்னாலிருந்த நாற்காலியும் காலி. அதன்மேல் கம்பளி நாலாக மடித்து வைத்திருந்தது. கற்களைத் தொட்டாள், சுட்டது. திருகை முழுக்கத் திருப்பிப் பார்த்தாள். உஸ்ஸென்ற சத்தம்கூட வரவில்லை.

அவள் என் கதவைத் தட்டியபோது காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

"கார்லா, ரெய்னோவக் காணோம்."

"எவ்வளவு நேரமாச்சு?"

"தெரியல. தூங்கிட்டேன். நான் தூங்கிட்டேன், கார்லா."

"என்ன சட்ட போட்டிருக்கார்?"

அதைக் கேட்டிருக்க வேண்டாம். எங்கள் ஊரில் அந்த நாளில் நாய்க்குக்கூட ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது கட்டித்தான் வெளியே விடுவோம். மார்லிஸ் என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பழுப்புக் கோட்டு" என்றாள்.

மங்குகிற வெளிச்சத்தில், காட்டோரத்தில், பழுப்பு நிறத்தில் அசைகிற எதையும் சுடுவதற்கென்றே கண்ணைப் பொருத்திக்கொண்டு முப்பது பேர் மரங்களுக்கிடையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் புருஷன்மார்கள்தான். முகாமில் போன் எடுக்காது. போலீஸ் அலுவலகத்துக்குச் சொன்னேன், வண்டி வர நேரமாகும் என்றார்கள். என் மகனுடைய பழைய ஆரஞ்சுத் தொப்பியை மார்லிஸின் தலையில் மாட்டினேன். என்னுடைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு அவள் திரும்ப முற்றத்துக்கு ஓடினாள், ஏதாவது அடையாளம் கிடைக்குமா என்று. கராஜ் சுவரில் தகர வாளி மாட்டுகிற ஆணி மொட்டையாக நின்றது.

"தண்ணிக்குப் போயிருக்கார்" என்றாள். "தீ அணைஞ்சா தணலுக்குத் தண்ணி ஊத்தணும். கல்லு சூடா இருந்துச்சுல்ல. தணலுன்னு நெனச்சிருப்பார்."

எங்கள் தெரு முடிகிற இடத்தில் பழைய சுரங்கக் குழி. தோண்டுவதை நிறுத்திய பிறகு தண்ணீர் நிறைந்து ஏரி மாதிரி கிடக்கிறது. ஓரம் என்பதே இல்லாத ஏரி. செம்பாறை நேராக உள்ளே இறங்கும். வேலி உண்டு, வேலியில் ஓட்டைகளும் உண்டு. ஒருவேளை தண்டவாளத்துப் பக்கம் போயிருக்கலாம் என்று நான் அந்தப் பக்கம் ஓடினேன். மார்லிஸ் குழிக்குப் போனாள்.

அங்கே நடந்ததைப் பிறகு அவள் இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். மிச்சத்தை நானாகத்தான் சேர்த்துக்கொண்டேன். அவர் வேலியைத் தாண்டி, பாறையில் ஒரு படி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த இடத்தில், முழங்கால்வரை தண்ணீரில் நின்றிருந்தார். வாளி மூழ்கியிருந்தது. அது போன இடத்தையே பார்த்துக்கொண்டு, இன்னொரு எட்டு வைக்கலாமா என்று காலால் துழாவிக்கொண்டிருந்தார். கத்திக் கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவார் என்று மார்லிஸ் கத்தவில்லை. சமையல்காரியின் குரலில் சொன்னாள்:

"தண்ணி ஊத்தியாச்சுங்க. எய்னார் ஊத்திட்டார். சாப்பிட வாங்க."

"நல்லாக் கிளறிப் பாத்தானா?"

"கையவிட்டுக் கிளறிப் பாத்தார். குளுந்து போச்சு."

அவர் திரும்பிக் கையை நீட்டினார். அவள் பிடித்து இழுத்தாள். வீட்டுக்கு வந்ததும் நிலவறையில் சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையைச் சூடாக்கி, இரண்டு பேரும் துணியில்லாமல் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு நடுக்கம் நின்றது. போலீஸ் வண்டி வந்தபோது, ஆள் கிடைத்துவிட்டார், தோட்டத்துப் பக்கம்தான் இருந்தார் என்று வாசலில் நின்று நான்தான் சொல்லி அனுப்பினேன். மார்லிஸ் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தாள்.

"ஜனெலுக்குத் தெரிஞ்சா நாளைக்கே கூட்டிட்டுப் போயிடுவா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டாணி சூப் கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். மார்லிஸ் குளியலறையில் எடை பார்க்கிற கருவிமேல் இரண்டாவது சிலிண்டரை, இன்னும் திறக்காததை, உறையை உரித்துவிட்டு ஏற்றி வைத்திருந்தாள். வெறும் சிலிண்டரின் எடை கைப்பிடி வளையத்திலேயே பொறித்திருக்கும். கழித்துப் பார்த்திருக்கிறாள்.

"இருபது பவுண்டுக்கு அஞ்சு கம்மியா இருக்கு" என்றாள். "திருடியிருப்பாங்களோ?"

"திருடல. கூண்டுல வச்சு மாத்திக் குடுக்கறதெல்லாம் முக்கால்தான் நெரப்புவாங்க. உறையிலயே போட்டிருக்குமே. எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாது." வளையத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "அங்க வாங்காதன்னு ரெய்னோ சொல்லிக்கிட்டே இருப்பார். ஏன்னு நான் கேட்டதில்ல."

நாலு மத்தியானம் என்று அவள் எண்ணியது மூன்று மத்தியானமும் கொஞ்சமும்தான்.

மத்தியானம் ஜனெலும் கர்ட்டும் வந்தார்கள். மார்லிஸ் முன்கூட்டியே இரண்டாவது சிலிண்டரை மாட்டித் தீயை வைத்து, ரெய்னோவை அதன் முன்னால் உட்கார வைத்திருந்தாள். சமையலறை ஜன்னலிலிருந்து அவர் முதுகு தெரிந்தது. ஏலக்காய் ரொட்டி அறுத்து வைத்தாள். நான் கிளம்பப் பார்த்தேன். மேஜைக்கடியில் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்தேன்.

"ரெய்னோ நல்லாத் தெரியறாரே" என்றான் கர்ட். "சிலிண்டர் எப்படி, நல்லா எரியுதா?"

"எரியுது" என்றாள் மார்லிஸ்.

ஜனெல் கோட்டைக் கழற்றி மாட்டப் போனவள், வெப்பக் காற்று வருகிற துவாரத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். அங்கே ரெய்னோவின் பூட்ஸ், உள்ளே செய்தித்தாள் திணித்து, வாய் பிளந்து கிடந்தது. குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் செம்மண் ஒட்டியது.

"இது எப்படி நனஞ்சது?"

"பனில."

"பனி வெள்ளையா இருக்கும்மா."

ஜனெல் எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவள். அந்தச் செம்மண் எந்த இடத்து மண் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கார்லா, நீங்க சொல்லுங்க" என்றாள்.

நான் மார்லிஸைப் பார்த்தேன். அவளே சொன்னாள். காப்பி ஊற்றிக்கொண்டே, கை தடுமாறாமல், தூங்கியதிலிருந்து சவுனா வரைக்கும் சொன்னாள். சிலிண்டரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பழி கர்ட்டின் மேல் போகும். பழி அவன்மேல் போனால், ரெய்னோவை வீட்டிலேயே வைத்துக்கொள்ள அவளுக்கு ஒரு வாதமாவது மிஞ்சும். அந்த வாய்ப்பையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கர்ட் மக்கு இல்லை.

"சனிக்கெழம எப்படித் தீந்துச்சு?" என்றான். "நாலு நாள் வரும்னீங்களே."

மார்லிஸ் சர்க்கரைக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"கூண்டுச் சிலிண்டர்ல அஞ்சு பவுண்டு கம்மியா இருக்கும்" என்று நான்தான் சொன்னேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டான்.

"நான் பண்ணது."

"நீ ஒண்ணும் பண்ணல" என்றாள் மார்லிஸ். "எனக்கு ஒத்தாச பண்ண வந்த."

"சிலிண்டர் இல்லம்மா பிரச்சன" என்றாள் ஜனெல். குரலை உயர்த்தவில்லை. "அஞ்சு பவுண்டு கேஸ் கொறஞ்சதுக்கு அப்பா குழிக்குள்ள போயிருப்பார். அஞ்சு பவுண்டு. நாளைக்குக் காத்து அடிச்சு அணையும். இல்லன்னா குளிர்ல அணையும். நீ தூங்காம இருக்க முடியாது. யாராலயும் முடியாது."

மார்லிஸ் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ரெய்னோ இரண்டு கையையும் முழங்காலில் வைத்துத் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. அவர் அசையவில்லை.

"சரி" என்றாள்.

"என்ன சரி?"

"நாளைக்குப் போன் பண்ணி அறைய எடுத்துக்கறோம்னு சொல்லு."

வாதம் பண்ணத் தயாராக வந்திருந்த ஜனெல், ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்து இரண்டாகப் பிய்த்தாள், நாலாகப் பிய்த்தாள். கர்ட் தொண்டையைச் செருமினான்.

"அங்கயும் முற்றத்துல கேஸ் கணப்பு இருக்கு, மார்லிஸ். இத விடப் பெருசு. சிலிண்டரே கெடையாது, பூமிக்கடியில குழாய் வருது. தீரவே தீராது."

"பாத்தேன்" என்றாள் மார்லிஸ். "போன மாசம் கூட்டிட்டுப் போனீங்களே, அப்ப. சுவத்துல ஒரு திருகு இருக்கு. திருப்பிவிட்டா அரை மணி நேரம் எரியும். அப்புறம் தானா அணைஞ்சுடும்."

"அது பாதுகாப்புக்காகம்மா" என்றாள் ஜனெல்.

"தெரியும். அணைஞ்சா இவரு எழுந்திருப்பார். வாளி கேப்பார். கெடைக்கலன்னா கதவத் தட்டுவார். அங்க கதவெல்லாம் பூட்டு."

"நர்ஸுங்க இருப்பாங்க."

"சாயங்காலம் ரெண்டே பேருதான் இருந்தாங்க. ஒருத்தி மாத்திர குடுத்துக்கிட்டிருந்தா, இன்னொருத்தி ஒரு கெழவருக்குப் பேன்ட் மாத்திக்கிட்டிருந்தா." மார்லிஸ் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் வேற ஒண்ணும் கேக்கல, ஜனெல். அனுப்பறேன்னு சொல்லிட்டேன். அரை மணிக்கு ஒரு தடவ அந்தத் திருகத் திருப்பி விடறது யாரு?"

ஜனெல் கர்ட்டைப் பார்த்தாள். கர்ட் மேஜையைப் பார்த்தான்.

"யாரு?" என்றாள் மார்லிஸ் மறுபடியும்.

ஜனெல் எழுந்தாள். பிய்த்த ரொட்டியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள். அப்பாவின் பூட்ஸிலிருந்து ஈரச் செய்தித்தாளை ஒவ்வொன்றாக உருவிக் குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு பூட்ஸ் இரண்டையும் ஒரு கையில் தூக்கிக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல், சமையலறையை விட்டு வெளியே, தீயின் முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போனாள்.